பழைய வோக்மனைத் திரும்பப் பாட வைப்பது எப்படி: வரிசை மாறாமல் செய்ய ஒரு முழு வழிகாட்டி

அலுமாரிக்குள் கிடந்த வோக்மனை எடுத்து, தூசி தட்டி, இரண்டு பற்றறி போட்டு, வீட்டில் மிஞ்சியிருக்கிற, அம்மம்மாவின் குரல் பதிந்த ஒரேயொரு கசெற்றை உள்ளே வைத்து பிளேயை அமத்துகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நாடா உள்ளே சுற்றிச் சிக்கின பிறகுதான் "அண்ணை, இதை ஒருக்கால் பாருங்கோ" என்று கொண்டு வருவார்கள். வேலை கடினமானதில்லை. வரிசை மாறினால்தான் கடினம். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தின படியை நம்பி நிற்கிறது: பெல்ற் (மோட்டரிலிருந்து சில்லுகளைச் சுற்றுகிற இறப்பர் வளையம்) சரியில்லாமல் வேகம் பார்க்க முடியாது, ஹெட் (நாடாவிலிருந்து ஒலியை எடுக்கிற பகுதி) அழுக்காக இருக்கும்போது அதன் சாய்வைத் திருத்தப் போனால் நன்றாக இருந்ததையும் கெடுத்துவிடுவீர்கள்.

இங்கே சொல்வதெல்லாம் 1980களிலும் 90களிலும் வந்த, இரண்டு ஏஏ பற்றறியில் ஓடுகிற கசெற் வோக்மன்களுக்கு. சீடி, மினிடிஸ்க் கருவிகளுக்கு இது பொருந்தாது. இந்தக் கருவிகளை இன்றைக்கும் ஆட்கள் தேடி வாங்குவதற்குப் பல காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால் பெரிய காரணம், மேசையில் வைத்துத் திறந்தால் எது எதைச் சுற்றுகிறது என்று கண்ணால் பார்க்கலாம், கையால் திருத்தலாம் என்பதுதான். பத்து வருடப் பழைய போன் ஒன்றில் அந்த வசதி இல்லை.

1. திறக்கிறதுக்கு முதல் சாமான்களைச் சேருங்கள்

பாதியில் எழும்பிக் கடைக்குப் போகிறவர்கள்தான் ஆணி தொலைப்பார்கள். அதனால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சின்னத் திருப்புளிகள் வேண்டும், முனை கூட்டல் அடையாளம் போல இருப்பது. ஜப்பான் கருவிகளில் இருக்கிற ஆணித் தலை சாதாரண பிலிப்ஸ் முனைக்கு முழுதாகப் பொருந்தாது, ஜேஐஎஸ் என்று சொல்லி விற்கிற முனைதான் சரி. பிலிப்ஸ் வைத்து அழுத்தித் திருப்பினால் ஆணித் தலை வழுக்கி உருண்டுவிடும், அதற்குப் பிறகு அந்த ஆணியைக் கழற்றுவது தனி வேலை.

ஐசோப்ரோப்பைல் அல்ககோல், 90 வீதத்துக்கு மேல். பார்மசியில் கேட்டால் பலநேரம் சேர்ஜிகல் ஸ்பிரிட்டைத் தருவார்கள். அது வேண்டாம். அதில் ஆமணக்கெண்ணெய் போன்றவை கலந்திருக்கலாம், துடைத்த இடத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் நின்றுவிடும். தின்னரும் பெற்றோலும் கிட்டவே வரக்கூடாது, பிளாஸ்ரிக் உருகும்.

காதுப்பஞ்சு, நூல் பிரியாத துணி, சாவணம், தையல் நூல், அடிமட்டம், மல்ரிமீற்றர், தையல் மெசினுக்குப் போடுகிற மெல்லிய எண்ணெய், ஒரு துளி நகப்பூச்சு. ஆணி போட முட்டை வைக்கிற காகிதத் தட்டு. படம் எடுக்க போன்.

கடைசியாக, போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய ஒரு கசெற். இது இல்லாமல் தொடங்க வேண்டாம். சோதனை எல்லாம் அதில்தான்.

2. பற்றறிப் பெட்டி

வெளியிலிருந்து தொடங்குங்கள். பற்றறி மூடியைத் திறந்தால் அநேகமாக வெள்ளை அல்லது பச்சை நிறத்தில் பொருக்கு இருக்கும். அல்கலைன் பற்றறி கசிந்தால் வெளியே வருவது காரம், அதனால் அதை மாற்ற அமிலம் வேண்டும்: காதுப்பஞ்சில் வினாகிரி, இல்லையென்றால் தேசிக்காய்ச் சாறு, இரண்டு மூன்று துளி. மெல்ல நுரைத்து இளகும். பிறகு தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைத்து, கடைசியில் அல்ககோலால் துடையுங்கள். தேசிக்காய்ச் சாற்றை அப்படியே விட்டுவிட்டால் அதுவே தகட்டை அரிக்கத் தொடங்கும், எனவே கழுவும் படியைத் தாண்ட வேண்டாம்.

அப்பச்சோடாவைக் கரைத்துப் பூசச் சொல்கிறவர்கள் உண்டு. அது கார் பற்றறியின் அமிலத்துக்குத்தான் உதவும், இங்கே பிரயோசனம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர், வல்வெட்டித்துறை என்று கடலோர வீடுகளில் இருந்து வருகிற கருவிகளில் பற்றறி கசியாமலே ஸ்பிரிங்குகள் துருப்பிடித்திருக்கும். உப்புக் காற்று. மெல்லிய உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, ஸ்பிரிங்கின் பின்பக்கம் போகிற வயர் அறுந்திருக்கிறதா என்று மல்ரிமீற்றரால் பாருங்கள். வெளியில் வெள்ளிபோல இருந்து உள்ளே வயர் கறுத்துப் போயிருப்பது அடிக்கடி காண்பதுதான்.

3. கசெற் இல்லாமல் முதல் ஓட்டம்

புதிய பற்றறி இரண்டு போடுங்கள், ஹெட்போனைக் குத்துங்கள், மூடியைத் திறந்து வைத்தபடியே பிளேயை அமத்துங்கள். கசெற் வைக்க வேண்டாம். இந்த ஒரு நிமிடத்தில் பார்க்கிறதும் கேட்கிறதும்தான் அடுத்து என்ன செய்வது என்று சொல்லும்.

மோட்டர் சத்தம் கேட்கிறது, எதுவும் சுற்றவில்லை என்றால் பெல்ற் உருகியோ அறுந்தோ போய்விட்டது. அதிகமான கருவிகளில் இதுதான் வருத்தம்.

ஹெட்போனில் மெல்லிய இரைச்சல் வருகிறது, மோட்டர் அசையவில்லை என்றால் மோட்டர் சிக்கியிருக்கலாம், அல்லது பிளேயோடு சேர்ந்து அமருகிற சின்னத் தகட்டுச் சுவிச் கறுத்திருக்கலாம்.

சுற்றுகிறது, ஆனால் ஒரு பக்கக் காதில் மட்டும் சத்தம், அல்லது சத்தக் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு: குமிழ் அழுக்கு, அல்லது ஹெட்போன் குத்துகிற இடத்தில் ஈய ஒட்டு விட்டிருக்கலாம். 80களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த மெல்லிய மொடல்களில் மின்சுற்றுப் பலகையோடு ஒட்டிய சின்னக் கப்பாசிற்றர்கள் கசிந்து சத்தம் தேய்வதும் உண்டு. அது ஒட்டுவேலை தெரிந்தவரின் வேலை, நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

எல்லாம் சுற்றுகிறது என்றாலும் அவசரப்பட வேண்டாம். கசெற்றின் இரண்டு பல்லுக் கண்களுக்குள் போகிற தண்டுகளைப் பாருங்கள், பிளேயின்போது நாடாவைச் சேகரிக்கிற பக்கத் தண்டு சீராகச் சுற்ற வேண்டும். விரலால் மெல்லத் தடுத்தால் நிற்கலாம், விட்ட உடனே திரும்பச் சுற்ற வேண்டும். கப்ஸ்ரன் என்கிற மெல்லிய உருக்குத் தண்டு நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்க, சேகரிக்கிற பக்கம் நின்றுபோனால் நாடா போக இடமில்லாமல் உள்ளே குவியும். கருவி நாடாவைத் தின்கிறது என்று சொல்வது இதைத்தான்.

போன் சேர்ஜர் பற்றி ஒரு சொல். பற்றறிக்குப் பதிலாக வயர் குத்துகிற ஓட்டை இருக்கிறது என்று 5 வோல்ற் சேர்ஜரை மாற்று வயர் போட்டுக் கொடுக்கிறார்கள். கருவிக்கு வேண்டியது 3 வோல்ற். அதோடு ஓட்டையின் நடுவில் இருப்பது பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பது மொடலுக்கு மொடல் மாறும், பக்கத்தில் ஒரு சின்னப் படம் அடித்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் குத்தினால் இவ்வளவு வேலையும் வீண். திருத்தும்போது பற்றறியே போதும்.

4. திறப்பது

ஒவ்வொரு ஆணியையும் கழற்ற முதல் ஒரு படம், கழற்றின பிறகு ஒரு படம். ஆணிகளின் நீளம் ஒன்றாக இருக்காது. நீளமான ஆணியைக் குட்டை ஆணியின் ஓட்டையில் முறுக்கினால் அது உள்ளே பலகையைத் தொடும், சில நேரம் துளைக்கும். முட்டைத் தட்டில் ஆணி இருந்த ஒழுங்கிலேயே போட்டு வையுங்கள்.

மூடி வரவில்லை என்றால் இன்னும் ஒரு ஆணி எங்கோ ஒளிந்திருக்கிறது, பற்றறிப் பெட்டிக்குள்ளோ ஒட்டுக்காகிதத்துக்குக் கீழேயோ பாருங்கள். நகத்தால் நெம்பலாம், திருப்புளியால் நெம்ப வேண்டாம். மூடி கழன்றதும் இழுத்துவிடாதீர்கள், பற்றறிப் பெட்டியிலிருந்து பலகைக்குப் போகிற தலைமுடி போன்ற வயர்கள் பல மொடல்களில் மூடியோடு சேர்ந்தே வரும்.

5. பெல்ற்

இதுதான் வேலையின் இதயம், நிதானமாகச் செய்யுங்கள்.

பழைய பெல்ற் மூன்று விதமாக இருக்கும். தளர்ந்து நீண்டிருக்கும், அல்லது காய்ந்து வந்த வளைவிலேயே விறைத்திருக்கும், அல்லது தார் போல உருகியிருக்கும். முதலாவதும் இரண்டாவதும் சாவணத்தால் எடுத்துவிடலாம். எடுக்க முதல் அது போன வழியைப் படம் எடுங்கள், சில கருவிகளில் பெல்ற் நேராகப் போகாது, ஒரு சில்லின் உள்பக்கத்தால் வந்து அடுத்ததின் வெளிப்பக்கத்தால் போகும். பிழையாகப் போட்டால் சில்லு எதிர்ப்பக்கம் சுற்றும்.

உருகினதுதான் தொல்லை. கையில் பட்டால் லேசில் போகாது, உடுப்பில் பட்டால் போகவே போகாது. கையுறை போட்டு, பெரிய துண்டுகளைச் சாவணத்தால் எடுத்து, மிச்சத்தை அல்ககோலில் நனைத்த காதுப்பஞ்சால் துடையுங்கள். ஒரு பஞ்சு ஒரு தடவைக்குத்தான், திரும்பத் தேய்த்தால் அழுக்கை இடம் மாற்றுகிறீர்கள். மோட்டரின் சின்னச் சில்லிலும், கப்ஸ்ரனோடு சேர்ந்து சுற்றுகிற பெரிய சில்லான பிளைவீலின் விளிம்பிலும் ஒரு பொட்டுக்கூட மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் அந்த இடம் மேடாகும், ஒவ்வொரு சுற்றுக்கும் பெல்ற் அதில் ஏறி இறங்கும், பாட்டு அலையும். பெல்ற் மாற்றின பிறகும் பாட்டு இழுக்கிறது என்று வருகிறவர்களில் நிறையப் பேரின் கருவியில் நான் காண்பது இந்தப் பொட்டைத்தான்.

இனி அளவு. பழைய பெல்ற் கையில் இருந்தாலும் அதன் நீளத்தை அப்படியே எடுக்கக்கூடாது, அது நீண்டு போன நீளம். தையல் நூலை பெல்ற் போகிற வழியே எல்லாச் சில்லையும் சுற்றிப் பிடித்து, சந்திக்கிற இடத்தில் வெட்டி, அடிமட்டத்தில் அளவுங்கள். அதில் 5 வீதத்திலிருந்து 8 வீதம் வரை குறைத்தால் வேண்டிய சுற்றளவு வரும். நூல் 200 மில்லிமீற்றர் என்றால் பெல்ற் 185 முதல் 190 வரை. தடிப்பு வோக்மன்களில் 1 மில்லிமீற்றருக்குக் கிட்டத்தட்ட இருக்கும், குறுக்கு வெட்டு சதுரம். மொடல் இலக்கத்தைப் போட்டுத் தேடினால் அதற்கென்றே விற்கிற பெல்ற்றும் இணையத்தில் கிடைக்கும், வர நாள் எடுக்கும். யாழ்ப்பாண நகரத்தில் பழைய ரேடியோ திருத்துகிறவர்களிடமும் கேட்டுப் பாருங்கள், ஒரு பெட்டி நிறையக் கலந்து வைத்திருப்பார்கள், அளவு தெரிந்து போனால் பொருத்தமானதைத் தேடி எடுக்கலாம்.

இறுக்கமாக இருந்தால் நல்லது என்று சின்னதாகப் போடுகிறவர்கள் அதிகம். இறுக்கமான பெல்ற் மோட்டரின் தண்டை ஒரு பக்கமாக இழுக்கும், மோட்டர் திணறும், பற்றறி சீக்கிரம் இறங்கும், வேகமும் நிலையாக நிற்காது. தளர்ந்தது வழுக்கும். பார்சல் கட்டுகிற இறப்பர் வளையம் எந்த அளவிலும் வேண்டாம், அதன் தடிப்பு சுற்றிலும் ஒரே மாதிரி இல்லை, அந்த வித்தியாசம் அப்படியே காதில் கேட்கும்.

போட்ட பிறகு முறுக்கு விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சதுர பெல்ற்றில் ஒரு முறுக்கு கண்ணுக்கு லேசில் தெரியாது. பிளைவீலை விரலால் மெல்லச் சில சுற்றுச் சுற்றி, பெல்ற் ஒரே தளத்தில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பற்றறி போடுங்கள். அப்படியே பத்துப் பதினைந்து நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள், புதிய பெல்ற் இடத்தில் அமர வேண்டும்.

6. நாடா தொடுகிற இடங்களைத் துடைப்பது

நாடா தொடுவது மூன்று இடம்: ஹெட், கப்ஸ்ரன், அதோடு அமருகிற இறப்பர் உருளை. மூன்றிலும் பழைய நாடாக்களின் பழுப்புத் தூள் ஒட்டியிருக்கும்.

ஹெட்டையும் கப்ஸ்ரனையும் அல்ககோலால் துடையுங்கள், பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை. கப்ஸ்ரனைத் துடைக்கும்போது அது சுற்றிக்கொண்டிருந்தால் பஞ்சின் நூல் அதில் சுற்றிக்கொள்ளும், நிறுத்திவிட்டு விரலால் பிளைவீலைத் திருப்பித் திருப்பித் துடையுங்கள். இறப்பர் உருளைக்கு அல்ககோலைத் தாராளமாகப் போடக்கூடாது, காலப்போக்கில் இறப்பர் காய்ந்து வெடிக்கும். ஒரு துளி சவர்க்காரம் விட்ட தண்ணீரில் நனைத்த பஞ்சு போதும், பிறகு வெறும் தண்ணீர், பிறகு காய விடுங்கள். உருளை கண்ணாடி மாதிரி மினுங்கினால் அது இன்னும் சுத்தமாகவில்லை, மங்கிய கறுப்பாக வர வேண்டும்.

ஹெட்டில் காந்தம் ஏறியிருக்கும், அதை இறக்க வேண்டும் என்று கருவி விற்பார்கள். உண்மையாகத் தேவைப்படுவது அரிது. செய்வதென்றால் வோக்மனின் பற்றறியைக் கழற்றி, கசெற்றுகளை அடுத்த அறையில் வைத்து, அந்தக் கருவியை ஒரு மீற்றர் தள்ளிப் பிடித்து மின்சாரம் போட்டு, மெல்லக் கிட்டக் கொண்டு வந்து, மெல்லத் தள்ளிக் கொண்டுபோய்த்தான் நிறுத்த வேண்டும். ஹெட்டுக்குப் பக்கத்தில் வைத்தபடி நிறுத்தினால் இல்லாத காந்தத்தை ஏற்றிவிடுவீர்கள்.

7. எண்ணெய்

ஊசி முனையில் நிற்கிற அளவு, பிளைவீலின் தண்டு சுற்றுகிற இடத்தில் மட்டும். பெல்ற்றிலோ உருளையிலோ பட்டால் திரும்ப 5ஆம், 6ஆம் படி. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும், துருவை இளக்குகிற ஸ்பிறே எங்கும் பறக்கும். இரண்டும் வேண்டாம். சுற்றுவது சத்தமில்லாமல் சுகமாக இருந்தால் எண்ணெயே விட வேண்டாம்.

8. வேகம்

எல்லாக் கசெற்றும் செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓட வேண்டும். வேகம் 6 வீதம் கூடினால் பாட்டு ஏறக்குறைய அரைச் சுரம் ஏறிவிடும். 1 வீத வித்தியாசம் பலருக்குக் காதில் தெரியாது.

சரியாகப் பார்க்க 3150 ஹேர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கசெற் வேண்டும். போனில் அதிர்வெண் காட்டுகிற செயலியை ஹெட்போனுக்குப் பக்கத்தில் பிடித்தால் இலக்கம் தெரியும்: 3180 என்று காட்டினால் ஏறக்குறைய 1 வீதம் வேகம் கூட. அந்தக் கசெற் இல்லையென்றால், கம்பனி வெளியிட்ட மூலக் கசெற் ஒன்றில் நீளம் தெரிந்த ஒரு பாட்டை எடுத்து நேரம் பாருங்கள். 5 நிமிடப் பாட்டில் 3 செக்கன் வித்தியாசம் என்றால் 1 வீதம். கடையில் பதிந்து வாங்கின கசெற்றை இதற்கு நம்ப வேண்டாம், பதிந்த கருவியின் வேகமே பிழையாக இருந்திருக்கலாம்.

திருத்துகிற இடம் மோட்டரின் பின்பக்க ஓட்டைக்குள்ளோ, பலகையிலே ஒரு சின்னத் திருகாகவோ இருக்கும். தொட முதல் அது நிற்கிற நிலையில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மணிக்கூட்டின் நிமிட முள் ஒரு நிமிடத்துக்கு நகர்கிற அளவுதான் ஒரு தடவையில் திருப்ப வேண்டும், பிறகு சில செக்கன் பொறுத்துப் பாருங்கள். கருவி பத்து நிமிடம் ஓடிச் சூடான பிறகே இதைச் செய்யுங்கள், நீங்கள் வழமையாகப் பாவிக்கப் போகிற பற்றறியையே போட்டு. சேர்ஜ் பண்ணுகிற நிக்கல் பற்றறி ஒன்று 1.2 வோல்ற், இரண்டும் சேர்ந்தால் 2.4 தான். பெரும்பாலான கருவி அதில் ஓடும், ஆனால் சில மொடல்களில் வேகம் கொஞ்சம் மாறும்.

வேகம் சராசரியில் சரி, ஆனால் அலைகிறதா என்று பார்க்க நாதஸ்வரத்தை விட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. அளவெட்டி பத்மநாதனின் வாசிப்பில் நீண்ட கார்வை வருகிற இடம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சுரம் நடுங்கினால் உடனே பிடிபடும். தவிலில் அது தெரியாது, ஒவ்வொரு அடியும் சட்டென்று முடிந்துவிடும். நடுக்கம் வேகமாக இருந்தால் கப்ஸ்ரன், உருளைப் பக்கமும், மெல்ல ஏறி இறங்கினால் பெல்ற், நாடா சேகரிக்கிற பக்கமும் பாருங்கள்.

9. ஹெட்டின் சாய்வு

தொழிலில் இதை அசிமத் என்பார்கள். பாட்டு கம்பளிக்குள்ளால் கேட்கிற மாதிரி மந்தமாக இருப்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். புதியவர்கள் கருவியைக் கெடுப்பதும் இங்கேதான்.

ஹெட்டின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய பிளவு உண்டு, அது நாடா ஓடுகிற திசைக்குச் சரியாக 90 பாகையில் நிற்க வேண்டும். 10,000 ஹேர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை நாடாவில் எடுக்கிற நீளம் 4.76 மைக்ரோமீற்றர்தான். பிளவு ஒரு மயிரளவு சாய்ந்தாலும் அந்த அலையின் மேடும் பள்ளமும் ஒன்றாகச் சேர்ந்து அழிந்துபோகும். கைத்தாளத்தின் ஒலியும் சகரம் ஷகரத்தின் கூர்மையும் போய்விடும். அடித்தொனியில் எந்தக் குறையும் தெரியாது, அதனால்தான் பலர் ஹெட் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள்.

ஹெட்டின் இரண்டு பக்கமும் இரண்டு ஆணி இருக்கும். ஒன்று இறுக்கி நிற்பது, அதைத் தொடவே கூடாது. மற்றது கீழே ஸ்பிரிங்கோடு இருக்கும், அநேகமாகப் பூச்சுப் போட்டு அசையாமல் ஒட்டியிருப்பார்கள். அதுதான் சாய்வு ஆணி. சில மொடல்களில் மூடியைப் பூட்டினபடியே அதற்குத் திருப்புளி போக ஓட்டை விட்டிருப்பார்கள். இரு பக்கமும் தானாக மாறிப் பாடுகிற கருவி என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி ஆணி இருக்கலாம், ஒன்றைத் திருத்த மற்றது கெடும், அனுபவம் வரும்வரை அதை விட்டுவிடுங்கள்.

டொல்பி என்கிற, நாடா இரைச்சலைக் குறைக்கிற சுவிச்சையும் பாஸைக் கூட்டுகிற சுவிச்சையும் நிறுத்துங்கள். டொல்பி இந்த நேரத்தில் போட்டிருந்தால் மந்தத்தை இன்னும் மந்தமாக்கிக் காட்டும். நல்ல மூலக் கசெற் ஒன்றைப் போட்டு, இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போகிற மாதிரி மோனோவாக்குங்கள். போனில் மோனோ அமைப்பு இருப்பது இங்கே உதவாது, வோக்மனின் வாயைக் கணினியில் குத்தி, ஒலி மென்பொருளில் இரண்டு தடத்தையும் சேர்த்துக் கேட்கலாம். மோனோவில் ஏன் என்றால், சாய்வு பிழையாக இருந்தால் இடத்தடமும் வலத்தடமும் ஒரு கணம் முன்பின்னாகப் போய் ஒன்றையொன்று வெட்டும், ஸ்ரீரியோவில் அது காதுக்குத் தப்பிவிடும்.

இனி ஆணியைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் இரண்டு பக்கமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு இடத்தில் ஒலி திறந்து பளிச்சென்று வரும், தாண்டினால் திரும்ப மங்கும். அந்த உச்சத்தில் நிறுத்துங்கள். திருப்புளியை எடுத்த பிறகும் ஒரு தடவை கேளுங்கள், அழுத்தம் போனதும் சில நேரம் நிலை மாறும். சரியென்றால் ஆணி அசையாமல் நிற்க நகப்பூச்சில் ஒரு துளி, 11ஆம் படியும் செய்யப் போகிறீர்கள் என்றால் அது முடிந்த பிறகு.

உச்சமே வரவில்லை, எந்தப் பக்கம் திருப்பினாலும் மந்தம் என்றால் ஆணியை மேலும் மேலும் முறுக்க வேண்டாம். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டு வந்து, ஹெட்டை இன்னொரு தடவை துடைத்து, வேறு கசெற் போட்டுப் பாருங்கள்.

10. கசெற்றுகள்

கருவி சரி. இப்போதும் அம்மம்மாவின் கசெற்றைப் போட வேண்டாம், முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் மழையும் ஈரமும். அந்த ஈரத்தில் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும், சின்ன ஜன்னலால் பார்த்தாலே மாப்பூசின மாதிரித் தெரியும். அப்படியிருந்தால் கருவிக்குள் வைக்கவே கூடாது, ஹெட்டுக்குப் போய் அங்கிருந்து அடுத்த கசெற்றுக்கும் பரவும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு சில நாள் வைத்து முதலில் காய விடுங்கள். ஈரப் பூஞ்சணத்தைத் துடைத்தால் அப்பிக்கொள்ளும், காய்ந்தது உதிரும். அரிசிக்குள் போட வேண்டாம், மாத்தூள் உள்ளே போகும். வெயிலிலும் வைக்க வேண்டாம், கசெற்றின் பிளாஸ்ரிக் ஓடு வளைந்துவிடும். காய்ந்த பிறகு முற்றத்தில் வைத்து, முகக்கவசம் போட்டு, மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஓட்டில் ஐந்து ஆணி இருந்தால் கழற்றலாம். ஒட்டிய ஓடு என்றால் அந்தளவில் நிறுத்தி, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நாடா ஹெட்டைத் தொடுகிற இடத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பளித் துண்டு தகட்டில் ஒட்டியிருக்கும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி வந்து வந்து போகும், கருவியில் பிழை என்று நினைப்பீர்கள். பயனில்லாத கசெற் ஒன்றிலிருந்து தகட்டோடு எடுத்து மாற்றலாம்.

பல வருடம் சும்மா இருந்த நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று இறுகியிருக்கும். கசெற்றின் கண்ணுக்குள் பொருந்துகிற பேனா ஒன்றை விட்டு, கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்லச் சுற்றி, திரும்பச் சுற்றி எடுங்கள். எங்காவது பிடித்தால் கைக்குத் தெரியும், மோட்டருக்குத் தெரியாது. சி-90 (இரு பக்கமும் சேர்ந்து 90 நிமிடம் ஓடுகிற) நாடா ஏறக்குறைய 12 மைக்ரோமீற்றர் தடிப்பு, சி-120 அதைவிட மெல்லிசு, 9 அளவில். சி-120 என்றால் வேகமாகச் சுற்றுகிற பொத்தானை மறந்துவிடுங்கள்.

அறுந்தால் சாதாரண ஒட்டுநாடா போட வேண்டாம், சூட்டில் அதன் பசை வெளியே ஊறி அடுத்த சுற்றையும் ஹெட்டையும் பிடிக்கும். கசெற்றுக்கென்றே 3.81 மில்லிமீற்றர் அகலத்தில் ஒட்டுநாடா உண்டு. முனைகளைச் சரிவாக வெட்டிப் பொருத்தி, பதிவில்லாத பக்கத்தில், அதாவது கசெற்றுக்குள் உள்பக்கம் பார்க்கிற பக்கத்தில் ஒட்டுங்கள்.

11. அரிய கசெற்றை ஒரே தடவையில் பதிந்து எடுப்பது

வெளிநாட்டிலிருந்து பேசி அனுப்பின கசெற், தெட்சணாமூர்த்தியின் தவில் இருக்கிற கோயில் பதிவு, வானொலியிலிருந்து பிடித்த நாடகம், இப்படி இன்னொரு பிரதி இல்லாதவை எந்த வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். முதலில் அதன் மேல்விளிம்பில் இருக்கிற இரண்டு சின்னத் தகட்டையும் உடையுங்கள், பிறகு அதில் யாரும் தவறிப் பதிய முடியாது.

மடிக்கணினியில் இருக்கிற ஒற்றை ஓட்டை அநேகமாக மோனோ மைக்குக்கானது. லைன்-இன் (ஸ்ரீரியோ ஒலியை உள்ளே எடுக்கிற ஓட்டை) உள்ள யூஎஸ்பி ஒலிக்கருவி ஒன்றை வாங்கி, வோக்மனின் ஹெட்போன் வாயிலிருந்து 3.5 மில்லிமீற்றர் ஸ்ரீரியோ வயரால் இணையுங்கள். சத்தக் குமிழைப் பாதியளவில் வைத்து, கணினியில் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். தாண்டி வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு சரிசெய்ய முடியாது, குறைந்த ஒலியைக் கூட்டலாம்.

இந்தக் கசெற்றைப் பதிந்த கருவியின் ஹெட் எந்தச் சாய்வில் நின்றதோ யாருக்குத் தெரியும். ஆகவே முதல் ஒரு நிமிடத்தைக் கேட்டு, மந்தமாக இருந்தால் 9ஆம் படியை இந்தக் கசெற்றுக்காக ஒருக்கால் செய்யுங்கள். பதிந்து முடிந்ததும் ஆணியை மூலக் கசெற்றின் உச்சத்துக்குத் திரும்பக் கொண்டு வர வேண்டும், அதனால் நகப்பூச்சை எல்லாப் பதிவும் முடிந்த பிறகு வையுங்கள். பேச்சு மட்டும் உள்ள கசெற் என்றாலும் இதை விட வேண்டாம், சொல் விளங்குவதே அந்த மேல் ஒலியில்தான்.

ஓடவிட்டு அறையை விட்டுப் போகாதீர்கள். ஜன்னலால் சேகரிக்கிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள், அது ஒரு கணம் தயங்கினாலும் நிறுத்துங்கள்.

எம்பி3 ஆக அல்ல, வேவ் கோப்பாகச் சேமியுங்கள். 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிற் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மெகாபைற், சி-60 ஒன்றின் இரு பக்கமும் சேர்ந்து 600க்குச் சற்று மேல். இரைச்சல் நீக்குகிற வேலையை அந்த மூலக் கோப்பில் செய்யாமல் ஒரு பிரதியில் செய்யுங்கள். கோப்பின் பெயரில் யார் பேசுகிறார், எந்த வருடம், கசெற்றின் எந்தப் பக்கம் என்று போட்டு, இரண்டு வெவ்வேறு இடத்தில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே.

பிறகு வோக்மனின் பற்றறியைக் கழற்றி வையுங்கள், பிளே அமர்ந்தபடி விட வேண்டாம், உருளையில் பள்ளம் விழும். கசெற்றை ஒரு முனைக்கு முழுதாகச் சுற்றி, நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில், ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற மேல் தட்டு அதற்கு இடமில்லை. மாதத்துக்கு ஒருக்கால் கருவியை அரை மணித்தியாலம் ஓட விடுங்கள், பெல்ற் ஒரே வளைவில் நிற்காமல் இருக்கும்.